கப்பலுக்குப் பின் ஒரு கடை

நாடு போற்றும் பெரியோரை அவர்தம் உயர்ந்த நாட்களில் வைத்தே நினைப்பது உலக வழக்கம். வ. உ. சிதம்பரம் பிள்ளை என்றவுடன் நம் கண்முன் கப்பல் வருகிறது. அடுத்துச் செக்கு வருகிறது. மனைவி மக்களைக் காப்பாற்றச் சிறு வாணிகம் செய்து அல்லற்பட்ட குடும்பத் தலைவராக அவரை எண்ணுவோர் சிலரே. பிறந்த ஊரை விட்டுச் சைனிக்புரியில் குடியமர்ந்து, மாதச் சம்பளத்திற்குள் மளிகைக் கணக்கை அடக்கப் பாடுபடும் நமக்கு, அவர் வாழ்வில் அப்பகுதியே மிக நெருக்கமானது என்று எண்ணுகிறேன்.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் பிள்ளை அவர்கள். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். முதல் மனைவி வள்ளியம்மை இளமையிலேயே மறைந்தபின், மீனாட்சி அம்மையாரை மணந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது. பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள், மொத்தம் 10 இலட்சம் ரூபாய் மூலதனம் எனத் திட்டம். மறு ஆண்டு காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் பிள்ளை அவர்கள் கைது செய்யப்பட்டார். ஜூலையில் விதிக்கப்பட்ட தண்டனை நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அத்தீர்ப்பு ஒரு குடும்பத்தின் மேலேயே விழுந்தது. தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பிள்ளைகளோ சிறுவர்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையினின்று அவர் வெளிவந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வழக்கறிஞர் தொழிலுக்குரிய சன்னதும் இல்லை. நாற்பது வயதில், கையில் முதலின்றிச் சென்னையில் குடும்பம் நடத்த வேண்டியதாயிற்று. மயிலாப்பூரிலும் பெரம்பூரிலும் வாழ்ந்தார். இலட்சக்கணக்கில் பங்கு திரட்டியவர், அரிசி, எண்ணெய் போன்ற அன்றாடப் பண்டங்களில் சிறு வாணிகம் செய்து பார்த்தார். அது நிலைக்கவில்லை. கடைத்தொழிலில் நட்டம் வருவது புதிதன்று. ஆயினும் நேற்றுவரை ஊரே எழுந்து வணங்கிய மனிதர், இன்று வீட்டில் உலை வைப்பதற்காகப் படியும் தராசும் ஏந்த முன்வருவது எளிதா? அதனை இழிவென்று கருதாத உள்ளத்தையே நான் வியக்கிறேன்.

அக்காலத்தில் அவர் குடும்பத்தைத் தாங்கியவர்களுள் நம்மைப் போல் ஊர்விட்டுப் போன தமிழர்களும் இருந்தனர் என்பதை இச்சங்கத்தார் அறிந்து மகிழ வேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் அளித்திருந்தனர். 1915இல் சென்னைக்கு வந்த அடிகள், அது கிடைத்ததா என்று அவரிடம் வினவினார். கிடைக்கவில்லை. கடிதங்கள் பல நடந்தன. தம் வறுமையைப் பிள்ளை அவர்கள் அடிகளிடம் மறைக்கவில்லை. குடும்பத்திற்குரிய பணத்தைக் கேட்பதற்கு நாணவுமில்லை. 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்த உழைப்பாளிகள் தந்த காசு ஒரு தியாகியின் அடுப்பை எரியச் செய்தது.

பின்னர் கோவையில் சிலகாலம் வாழ்ந்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வழக்காடினார். அந்நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த உதவியைத் தம் வீட்டில் நாள்தோறும் கூப்பிடும் பெயராக்கினார்! இத்தனை இடர்ப்பாட்டிலும் திருக்குறளுக்கும் தொல்காப்பியத்திற்கும் பழைய உரைகளைப் பதிப்பித்ததும் அவர்தம் உழைப்பே.

1936இல், இறுதிக்காலத்தில், அவர் ஓர் உயில் எழுதினார். அதிலே மாளிகைகளைப் பங்கிடும் பேச்சில்லை. துணிக்கடைக்கு எவ்வளவு பாக்கி, எண்ணெய்க் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று தாம் தர வேண்டிய கடன்களையெல்லாம் குறித்திருந்தார். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார்.

அவ்வுயிலைப் பற்றி முதன்முதல் படித்த அன்று என் தந்தையாரை நினைத்துக் கொண்டேன். அவரும் ஊரில் சிறிய மளிகைக்கடை வைத்திருந்தவர். பற்று நோட்டில் பலர் பெயர் இருந்தது, பாதிப்பேர் கொடுக்கவேயில்லை. "நமக்கு வரவேண்டியதை மறந்தாலும் மறக்கலாமடா, நாம் தரவேண்டியதை மறக்கக் கூடாது" என்பார். மெட்ரிக்குடன் என் படிப்பு நின்று நான் இரயில்வேயில் சேர்ந்தபோது, அவர் எனக்குக் கொடுத்தனுப்பிய சொத்து அந்த ஒரு சொல்லே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கேடுகளோடு பழகுகிறேன். அதனினும் உயர்ந்த கணக்கை நான் கண்டதில்லை.

சிதம்பரனார் ஓட்டிய கப்பலை நம் குழந்தைகள் பாடநூலில் படிப்பார்கள். அவர் வைத்த கடையையும், எழுதிய கடன் கணக்கையும் வீட்டிலே நாம்தான் சொல்ல வேண்டும். பெற்றோரே, இன்றிரவு சாப்பாட்டு வேளையில் சொல்லுங்கள்.

வாழ்க வ. உ. சி. புகழ்!