குன்றிமணி: நிறையும் நஞ்சும்

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு மணிகளால் பெயர்பெற்ற தொல்லூர். 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வும், அதனைத் தொடர்ந்து பிரெஞ்சு அறிஞர் கசால் நடத்திய அகழாய்வும் கல்லையும் கண்ணாடியையும் மணிகளாக்கிய கைவினைஞரின் திறத்தை உலகறியச் செய்தன. கையால் கடைந்த மணிகளேயன்றி, வேலிக்கொடியில் தானே விளையும் விதையொன்றையும் தமிழர் மணியென்றே வழங்கினர். அதுவே குன்றிமணி, பேச்சு வழக்கில் குண்டுமணி.

குறுந்தொகையின் கடவுள் வாழ்த்து முருகனின் ஆடைக்கு இதன் செம்மையை உவமையாக்குகிறது. திருக்குறளோ (277) புறத்தே சிவந்து மூக்கில் கறுத்த இவ்விதையைப் பொய்த்துறவிக்கு ஒப்பிடுகிறது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாவதும் இதுவே.

பொன் நிறுப்போர்க்கு இது நிறைகல்லாயிற்று. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இறைவனின் அணிகலன்களைக் குன்றியளவு வரை கணக்கிட்டுரைக்கின்றன. இன்றைய அளவில் ஒரு குன்றி ஏறத்தாழ 0.12 கிராம். "குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்னும் வழக்கில் அந்நிறை இன்றும் வாழ்கிறது.

மருத்துவத்தில் இக்கொடிக்கு இரு முகங்கள். இதன் வேரும் இலையும் இனிப்பவை. தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் இலையை மெல்லுவது நாட்டு வழக்கம். வேர் அதிமதுரத்துக்கு ஈடாகக் கொள்ளப்பட்டதுமுண்டு. எனினும் அதிமதுரம் மேற்காசிய, நடு ஆசிய நிலங்களுக்குரிய வேறு செடி. விதையோ கொடிய நஞ்சு. சித்த மருத்துவர் அதனைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. விதையிலுள்ள அப்ரின் வெப்பத்தால் சிதையும் புரதம் என்பதைப் பிற்கால அறிவியல் கண்டறிந்தது. வட இந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டில், தோலுக்காக மாடுகளைக் கொன்றோர் இவ்விதையை அரைத்து ஊசியாக்கிக் குத்தினர். 1882-இல் பாரிஸில் தெ வெக்கர் இவ்விதைநீரைக் கண்நோய்க்குப் பயன்படுத்தினார். அது சில கண்களுக்குக் கேடாயும் முடிந்தது. 1891-இல் எர்லிக் இந்நஞ்சைச் சிறுகச் சிறுக எலிகளுக்கு ஊட்டி, நோயெதிர்ப்பின் இயல்பை ஆராய்ந்தார்.

விதையிட்டு வளர்ப்போர் முதலில் காண்பது அதன் ஓட்டின் வன்மையையே. வெந்நீரில் ஊறவைத்தோ ஓட்டைச் சிறிது தேய்த்தோ விதைத்தாலன்றி எளிதில் முளைக்காது. தேய்த்த துகளும் நஞ்சென்பதால் கையைக் கழுவுதல் கடமை. முழுவிதையை விழுங்கினோர் சிலர் பிழைப்பதும் மென்றோர் மாள்வதும் அவ்வோட்டின் காரணமாகவே.

பொன்னுக்கு நிறையாக நின்ற விதை, இனிய இலை, நஞ்சான பருப்பு ஆகிய மூன்றும் ஒரே கொடியில் உள்ளன. முன்னோர் இவற்றைப் பிரித்தறிந்து பயன்கொண்டனர். பெயர் மட்டும் எஞ்சி அப்பகுத்தறிவு மறையுமாயின், பிள்ளையாரின் கண்ணாகும் மணியே குழந்தையின் உயிருக்கு ஊறாகும்.