கைமாறிய நாதம்

"குழாய் இரண்டு, யூனிட்டுடன், காயில் மாற்றியதில்லை, நேரில் வந்து பாடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதி, திண்ணையின்மேல் கவிழ்த்து வைத்த இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளின் படத்தையும் சேர்த்து, ராஜபாளையத்துக்காரர் ஒருவர் கைப்பேசி வழியாக விளம்பரம் செய்திருந்ததைச் சென்ற ஆடி மாதத்தில் கண்டேன். அந்தக் குழாய்களைவிட அந்த வாசகம் பழமையானது என்பதே எனக்குத் தோன்றிய முதல் எண்ணம். ஏனெனில், காயில் மாற்றியதில்லை என்ற உறுதிமொழியும், பாடவிட்டுப் பார்க்கலாம் என்ற அழைப்பும், கைப்பேசியை எவரும் கனவிலும் கண்டிராத காலத்தில், சவுண்ட் சர்வீஸ் கடைகளின் பின்கட்டில், ஒயர்ச்சுருள்களுக்கும் காலி பாட்டரிகளுக்கும் நடுவே உட்கார்ந்து, விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சுபாவத்தில் வேறுபட்டவை. முன்னது ஆண்டாள் அவதரித்த க்ஷேத்திரம். பதினொரு நிலைக் கோபுரமும் ஆடிப்பூரத் தேரும் அதன் பெருமை. பின்னது பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்த நாள் முதலாகச் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உறங்கிய ஆலை நகரம். சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கிய ஊர். ஒன்றுக்கு உற்சவம், மற்றொன்றுக்குச் சம்பளநாள் என்று வாழ்க்கையின் தாளம் வேறாக இருந்தபோதிலும், சப்தத்தின் மீதுள்ள பிரியத்தில் இரண்டும் சகோதரிகளே. மார்கழி விடியலில் திருப்பாவை, பங்குனியில் மாரியம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் பிரசங்கம், கல்யாணம் வந்தால் காலை முதல் இரவு வரை சினிமாப் பாட்டு என்று, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு குழாய் ஏதேனும் ஒரு மரத்தின் உச்சியில் பேசிக்கொண்டேயிருந்தது.

கிராமபோன் இசைத்தட்டுகள் ஆதியில் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908-ல் கல்கத்தாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகுதான் நம் தேசத்திலேயே தயாராயின. அரக்கைக் கொண்டு செய்த அந்தத் தட்டு, பத்து அங்குலமானால், பக்கத்திற்கு மூன்று நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாகப் பாடும். அதைப் பாடவைக்கும் பெட்டியோ மிராசுதார் வீட்டு முற்றத்தைத் தாண்டி வந்ததில்லை. அந்த நாதத்தை ஊருக்குப் பொதுவாக்கியவை மின்சார ஆம்பிளிபயரும் கூம்புக் குழாயும். 1940-ல் தொடங்கப்பெற்ற டில்லி அகுஜா கம்பெனியின் பெயர், பிற்காலத்தில் நம் பக்கத்துச் சர்வீஸ்காரர்களின் வாயில் ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. 'நாலு அகுஜா கட்டியிருக்கிறது' என்றால், நான்கு குழாய்கள் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். தென்மாவட்டங்களில் இந்தச் சாதனத் தொகுதி முழுவதற்கும் 'ரேடியோ செட்' என்று பெயர். வால்வு ஆம்பிளிபயர் ஒன்று, இங்கிலாந்திலிருந்து வந்த காரார்டு மோட்டார் பொருத்திய ரெக்கார்டு பிளேயர் ஒன்று, மைக் ஒன்று, குழாய்கள் இரண்டோ நான்கோ, ஒயர்ச்சுருள், மின்சாரமில்லாத கிராமமானால் கார் பாட்டரி ஆகிய இத்தனையும் சேர்ந்தது ஒரு செட். அதில் ரேடியோ மட்டும் இராது. ஆயினும், மனிதர் கண்ணுக்குத் தெரியாமலே குரல் மட்டும் காற்றில் வருகிற அதிசயத்திற்கு ஜனங்கள் முதலில் அறிந்த பெயர் அதுவாதலால், பின்னால் வந்ததற்கும் அதையே சூட்டினார்கள் போலும்.

புதிய செட் ஒன்றைக் கண்ட சர்வீஸ்காரர்கள் இப்பக்கத்தில் சொற்பமே. ராஜபாளையம் கடைத்தெருவில் ஒருவர் மதுரைக்குப் போய்ப் புது ஆம்பிளிபயர் வாங்கி வந்தால், அவருடைய பழையது சேத்தூருக்கோ முறம்புக்கோ போகும். அங்கே சில ஆண்டுகள் கல்யாணமும் காதுகுத்தும் பாடிவிட்டு, இன்னும் சிறிய ஊரொன்றின் அம்மன் கோயிலுக்குப் போகும். கடைசியில் ஒரு டீக்கடையின் அலமாரியில் அமரும். வெளியிடத்து விசேஷங்கள் குறைந்துபோகும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம்தான் இந்தக் கைமாற்றத்திற்கு உரிய பருவம். தொழில் படுத்திருக்கிற மாதத்தில் பணமுடை வரும். பணமுடை வந்தவர் விற்பார். தையில் முகூர்த்தங்கள் வருமே என்று நம்பியவர் வாங்குவார்.

வாங்குகிறவர் செய்யும் பரீட்சையைச் சிறுவயதில் நான் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழாயின் பின்புறத்தில் உருளையாக இருக்கும் யூனிட்டை முதலில் கழற்றிக் கையிலெடுத்து, அதன் திருகாணித் தலைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தலையின் பள்ளத்தில் கீறல் இருந்தால் எவரோ திறந்திருக்கிறார் என்று அர்த்தம். திறந்திருந்தால் உள்ளே அதிர்ந்து ஒலி தரும் டயாபிரமோ, அதை அதிரவைக்கும் கம்பிச்சுருளான காயிலோ மாறியிருக்கும். அதன்பின் டார்ச் லைட்டிலிருந்து ஒரு செல்லை எடுத்து, இரண்டு துண்டு ஒயரால் யூனிட்டின் முனைகளில் கணநேரம் தொட்டு எடுப்பார்கள். 'டக்' என்று கூர்மையாகச் சப்தம் கேட்டால் உயிர் இருக்கிறது. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் காயில் உரசுகிறது. பின்பு ஆம்பிளிபயரைப் போட்டு, வால்வுகள் சிவந்து சூடாகும் வரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்து, பாட்டு எதுவும் இல்லாத நிலையில் எழும் இரைச்சலைக் கேட்டு, டிரான்ஸ்பார்மரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்து, கடைசியில்தான் ஒரு தட்டை வைப்பார்கள். அந்தத் தட்டும் பெரும்பாலும் நாதஸ்வரமாகவே இருக்கும். கிழிந்த டயாபிரம் மனிதக் குரலில் தன் குறையை மறைத்துக்கொள்ளும். நாதஸ்வரத்தின் உச்சஸ்தாயியில் அது பிளிறிவிடும். விலை படிந்ததும் முன்பணம் வெற்றிலையின்மேல் வைத்துக் கொடுக்கப்படும். குழாய் விற்றவர் அத்துடன் ஒரு சுருள் ஒயரையும் விலையில்லாமல் கொடுத்தனுப்புவது வழக்கம்.

வீட்டு ரேடியோவின் வியாபாரம் இதற்குப் பக்கத்திலேயே நடந்தது. அதற்கு வேகம் கொடுத்தது கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நிலையம். 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பின்னர் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைப் பெரிதும் ஒதுக்கிவிடவே, நம் ஜனங்களின் செவிகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. 1957-ல் விவித்பாரதி தோன்றிய பிறகும், 1963-ல் திருநெல்வேலி நிலையம் ஏற்பட்ட பிறகும், அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. தீபாவளி போனஸ் வாங்கிய மில் தொழிலாளி ஒருவர் பழைய மர்பியையோ புஷ்ஷையோ பார்க்க வந்தால், திருச்சி எடுக்கிறதா, நெல்லை எடுக்கிறதா என்று கேட்கமாட்டார். 'சிலோன் தெளிவாக எடுக்குமா?' என்றுதான் கேட்பார். அடுத்த கேள்வி லைசென்ஸ் புத்தகத்தைப் பற்றியது. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தபாலாபீசில் 15 ரூபாய் செலுத்தி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. 1980களின் நடுப்பகுதியில் அந்த விதி நீங்கும்வரை, புத்தகமில்லாத ரேடியோவுக்கு விலையும் குறைவு, மதிப்பும் குறைவு.

பிறகு வந்தது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-லேயே கண்டுபிடித்த அந்தச் சிறு நாடா நம் ஊர்களுக்கு வந்து நிலைபெறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. மலைக்கு அப்பால் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான சமயத்தில் டீக்கடைகளில் பாடியவை தட்டுகளே. ஆனால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் நேஷனல், சான்யோ டேப்ரெக்கார்டர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய பிறகு, தட்டின் காலம் விரைவாக முடிந்தது. வந்தவர் மறுபடி புறப்படும்போது செலவுக்கு அந்த டேப்ரெக்கார்டரை விற்றுவிட்டுப் போவார். 1969-ல் பர்மா அகதிகளுக்கென்று சென்னையில் ஏற்பட்ட பர்மா பஜாருக்கு நேரில் போக முடியாத எங்கள் பக்கத்தாருக்கு அந்தப் பிரயாணிகளே பஜாராக இருந்தார்கள்.

இதிலே மனம் பொறுக்காத ஒரு காரியம் நிகழ்ந்தது. சர்வீஸ்காரர்கள் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை வாங்க ஆளில்லாமல், பழைய இரும்பு, பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார்கள். எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவையும், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும், கல்யாண வீடுகளில் ஜனங்கள் வாய்விட்டுக் கூடச் சொல்லிய கதை-வசனத் தட்டுகளும், உறை கிழிந்து, சாக்கில் கட்டப்பட்டு, தராசில் ஏறின. சென்னையிலாவது பழைய தட்டுகளுக்கு மூர் மார்க்கெட் என்று ஒரு புகலிடம் இருந்தது. அதுவும் 1985-ல் தீக்கிரையாயிற்று. நம் ஊர்களில் அத்தகைய புகலிடம் என்றுமே இருந்ததில்லை.

குழாய்களின் கதி இன்னும் கடினமானது. ஒலி மாசுபற்றிய விதிகள் 2000-ம் ஆண்டில் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதைச் சுப்ரீம் கோர்ட்டும் 2005-ல் வலியுறுத்தியது. நோயாளியும் படிக்கிற பிள்ளையும் உறங்க வேண்டுமென்ற அந்த நியாயத்தை நான் முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதைத் தொடர்ந்து, கூம்பு வடிவக் குழாய்க்கே அனுமதி மறுக்கப்பட்டு, கட்டிய குழாய்கள் பறிமுதலாகும் நிலை வந்தபோது, தொழில் செய்தவர்கள் பெட்டி ஸ்பீக்கர்களுக்கு மாறினார்கள். குழாய்கள் அலுமினியத்தின் விலைக்குப் போயின. வாத்தியத்தைக் குற்றவாளியாக்கியது சரியென்று எனக்குப் படவில்லை. அளவோடு வைத்தால், வயல்வெளியைத் தாண்டி அரை மைலுக்கு அப்பாலிருந்து வரும் குழாய்ப் பாட்டைப்போல் இனிமையானது வேறெதுவும் இல்லை என்று அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

பழைய பொருள்களை வலைத்தளத்தில் விற்கும் ஏற்பாடு நம் நாட்டில் 2006-ல் ஓஎல்எக்ஸ், 2008-ல் குவிக்கர் என்று தொடங்கியபோதிலும், இவ்விரு ஊர்களின் ஒலிச்சாதன வியாபாரத்தை அது உடனே தொடவில்லை. படத்தைப் பார்த்துக் கட்டில் வாங்கலாம். ஆம்பிளிபயர் வாங்க முடியுமா? காதுக்கு அங்கே இடமில்லை. மலிவான டேட்டாவும் யுபிஐ பணமாற்றமும் 2016-ல் ஏறக்குறைய ஒருங்கே வந்து, பாடவிட்டு வீடியோ எடுத்து அனுப்புவதும், கேட்ட மாத்திரத்தில் முன்பணம் போடுவதும் சுலபமான பிறகே, பின்கட்டில் நடந்த வியாபாரம் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. வாட்ஸப் குழுக்களில் தென்மாவட்டத்து ரேடியோ செட் பிரியர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், பழைய பேச்சு அப்படியே செவியில் விழுகிறது. "அண்ணே, ரெண்டு யூனிட்டும் ஒரிஜினலா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஒன்னு ஒரிஜினல் தம்பி. இன்னொன்னுக்கு டயாபிரம் மாத்திருக்கு, சொல்லிட்டேன்" என்று பதில் வருகிறது. வாங்குகிறவர்களில் பலர், குழாய் கட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள். பிழைப்புக்காக இன்றி, தகப்பனார் எடைக்குப் போட்டதைத் தேடித் தேடி மீட்கிறார்கள்.

எல்லாக் கைமாற்றமும் இப்படி நேர்மையாக முடிவதில்லை. வீடியோவில் நன்றாகப் பாடிய ஒரு காரார்டு பிளேயரை வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து நான் வாங்கியபோது, ஊசிக்கையைக் கட்டாமலும், தட்டுமேடையைக் கழற்றித் தனியே வைக்காமலும், ஒரு துணிக்கடை அட்டைப்பெட்டியில் திணித்துப் பார்சல் போட்டிருந்தார். வந்து சேர்ந்தபோது ஊசிக்கை வளைந்திருந்தது. மேடையைச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரமோ, பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தபடியால் ஒரு பக்கம் தட்டையாகி, சுற்றுக்குச் சுற்று 'டொக், டொக்' என்றது. வீடியோவில் அவர் பாட்டை உரக்க வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. மெலிந்த பாட்டையும், பாட்டு தொடங்குமுன் உள்ள வெறும் சுழற்சியையும் கேட்காமல் பணம் போட்டது என் பிழை. ராஜபாளையத்தில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர், அந்தச் சக்கரத்தை ஒரு சிறு மோட்டாரில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளை விரல் நுனியால் பட்டும் படாமலும் பிடித்து, அரைமணி நேரம் தேய்த்து வட்டமாக்கிக் கொடுத்தார். இவரைப் போன்றவர்களுக்கு மறுபடி வேலை கொடுத்ததை இந்தக் கைப்பேசி வியாபாரத்தின் மிகப்பெரிய உபகாரமாக நான் கருதுகிறேன்.

ஆடி மாதம் கண்ட அந்த விளம்பரத்தின் குழாய்களைப் பார்க்க நானும் போயிருந்தேன். எனக்கு முன்பே, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளை வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தான். விற்பவர் ஆம்பிளிபயரை எடுக்க உள்ளே போன சமயத்தில், அவன் யூனிட்டைக் கழற்றித் திருகாணித் தலைகளை வெயிலில் சாய்த்துப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சில் செல்லையும் இரண்டு துண்டு ஒயரையும் எடுத்துத் தொட்டான். 'டக்' என்றது. மற்றதும் 'டக்' என்றது. நாதஸ்வரம் பாடி முடிந்ததும் கைப்பேசியில் பணம் போட்டுவிட்டு, குழாய்கள் இரண்டையும் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் அவன் கட்டிக்கொண்டிருக்கையில், அவர் மறுபடி உள்ளே போய், தூசி படிந்த ஒரு சுருள் ஒயரைக் கொண்டுவந்து அவன் தோளில் மாட்டினார்.