ரப்பர் செடி (வீட்டு வளர்ப்பு)

மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் செடி என்ற பெயரில் தொட்டியோடு விற்கப்படுவது ஃபைகஸ் எலாஸ்டிகா. தடித்துப் பளபளக்கும் இலைகளைக் கொண்ட இச்செடி ஆல், அத்தி ஆகியவற்றின் இனம். தமிழில் சீமையால் என்றும் சொல்வர். பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாகப் பால் எடுத்த மரம் வேறு. அது தென்னமெரிக்க ஹீவியா, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஹீவியா வருமுன்பே சீமையால் மலாயாக் காடுகளில் இருந்தது. மலாய்க்காரர்கள் அதை ரம்போங் என்பர். அதன் பாலிலிருந்தும் ரப்பர் எடுத்தார்கள். 1877இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்த ஹீவியாக் கன்றுகளில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நடச் செய்தார். நிறையப் பால் தந்த ஹீவியா தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. சீமையால் அழகுச் செடியாக நிலைத்தது.

பல ரப்பர் தோட்டங்கள் பின்னாளில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தால், மண் என்று மிஞ்சுவது தொட்டி மண்தான். அதில் முதன்முதலாக வளர்த்துப் பார்க்க ரப்பர் செடி மிகப் பொருத்தம். சில நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கும்.

தாங்காதது அளவுக்கு மீறிய நீர். ஈப்போவின் ஈரக் காற்றில், வெயில் படாத தொட்டியின் மண் மெதுவாகவே காயும். தினமும் ஊற்றினால் மண்ணுக்குள் காற்று போகாமல் வேர் அழுகும்; அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். அதைக் கண்டு இன்னும் ஊற்றுவதுதான் புதியவர்கள் பலர் செய்யும் தவறு. விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். நோய் பரப்பும் ஏடிஸ் கொசு அந்த நீரில் முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரமளவே போதும். வீட்டில் கொசுப்புழு காணப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு.

சன்னலோர வெளிச்சம் நல்லது. உச்சிவெயில் இலையைக் கருக்கும். இடத்தை அடிக்கடி மாற்றினாலும் இலை கொட்டும். படியும் தூசியை ஈரத்துணியால் துடைக்கலாம். கிளை வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும். பூனையும் நாயும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்குள் அடங்கியிருக்கும் இதே செடி காட்டில் 30 மீட்டரையும் தாண்டும். மேகாலயாவின் காசி மக்கள் இதன் விழுதுகளைப் பின்னி ஓடைகளுக்குக் குறுக்கே உயிர்ப்பாலங்கள் அமைக்கிறார்கள். அத்தனை வலுவான வேர் சாக்கடையையும் சிமெண்டுத் தரையையும் பிளந்துவிடும் என்பதால், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் சுவரோரம் இதைத் தரையில் நடக் கூடாது.