ஓடும் உலோகத்தை வெட்டிய பினாங்கு

பினாங்கின் தொழில் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் 1972-லிருந்துதான் தொடங்குகிறார்கள். பாயான் லெப்பாஸ் நெல்வயல்களில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப மண்டலம் எழுந்தது; இன்டெல், ஏ.எம்.டி., எச்.பி., நேஷனல் செமிகண்டக்டர், ஹித்தாச்சி, பாஷ், கிளாரியன், லிட்ரானிக்ஸ் என எட்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. இதெல்லாம் உண்மைதான். ஆனால் சில்லைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அந்தச் சில்லுக்குக் கால் முளைத்தது எப்படி என்று யாராவது கேட்டதுண்டா? கால் முளைக்க வைத்தது பிரஸ் இயந்திரம். அதன் கதை கொஞ்சம் முன்னதாக, கடலுக்கு அந்தப் பக்கம், பிறையில் ஆரம்பிக்கிறது.

ஜப்பானின் யவாத்தா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பதிவான மலாயவாத்தா இரும்பாலை, 1967-இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கியது. நம்மவர்களுக்கு இந்த ஆலையில் ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. இரும்புத் தாதை உருக்க மற்ற நாடுகள் நிலக்கரியிலிருந்து எடுத்த கோக்கை எரித்தன. இங்கே எரிந்தது ரப்பர் மரக்கரி. மறுநடவுக்காகத் தோட்டங்களில் சாய்க்கப்பட்ட கிழட்டுப் பால்மரங்கள் கரியாகி உலைக்குப் போயின. நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் சீவிய மரங்களின் வகைதான் கடைசியில் இரும்புக் கம்பியாக வெளியே வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

உருளைகளுக்கு இடையே நசுங்கி நீளும் கம்பி, செக்கச்செவேலென்று வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடி வரும். அதை நிறுத்தி வைத்து வெட்ட முடியாது. நிறுத்தினால் பின்னால் வருவது முட்டிக்கொண்டு சுருண்டுவிடும், சூடும் ஆறிவிடும். அப்படியானால் என்ன செய்வது? கத்தியையும் கம்பியோடு சேர்த்து ஓட வைப்பதுதான் வழி. கம்பி எந்த வேகமோ, வெட்டும் அந்தக் கணத்தில் கத்தியும் அதே வேகம். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலு எட்டு ஓடி ஏறுவதைப் போலத்தான். 'பறக்கும் கத்தி' என்று இதற்குப் பெயர். கூரைத் தகடு தயாரிக்கும் பட்டறைகளில், நெளிநெளியாக வளைந்து வரும் தகட்டோடு தண்டவாளத்தில் நகர்ந்தபடியே ஹைட்ராலிக் கத்தி வெட்டுவதும் இதே யுக்தி.

இந்த ஹைட்ராலிக் சமாசாரம் புதியதல்ல. இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இலேயே நீரழுத்த பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சின்னக் குழாயில் 10 கிலோ விசையோடு தள்ளினால், அதைவிட 100 மடங்கு பரப்புள்ள பெரிய குழாயில் 1,000 கிலோ விசை கிடைக்கும். சும்மா கிடைப்பதில்லை, சின்னது 100 அங்குலம் இறங்கினால்தான் பெரியது ஓர் அங்குலம் ஏறும். அழுத்தம் தாங்காமல் நீர் ஒழுகியதுதான் பிராமாவுக்குப் பெரிய தலைவலி. அதைத் தீர்த்த தோல் வளையம் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்பார்கள். முதலாளி பெயர் நிலைத்தது, தொழிலாளி பெயர் அடிக்குறிப்பில் போனது. இதுவும் புதிதல்ல.

சரி, சில்லுக்கு வருவோம். சுதந்திரத் துறைமுகத் தகுதியை 1969-இல் இழந்த பினாங்கில் அப்போது சுமார் 15 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை. அந்த நெருக்கடியில்தான் முதலமைச்சர் லிம் சோங் இயூ அந்நிய நிறுவனங்களை அழைத்தார். வந்தவர்கள் கொண்டுவந்த வேலை, அமெரிக்காவில் தயாரான சிலிக்கன் துண்டுக்குக் கூடும் காலும் பொருத்துவது. அதற்கு அடித்தளம் 'லீட் பிரேம்' என்ற உலோகச் சட்டம். கால் மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கலவை அல்லது நிக்கல் இரும்பு நாடா சுருளிலிருந்து அவிழ்ந்து பிரஸ்ஸுக்குள் நுழையும். இங்கே கத்தி ஓடாது. நாடாதான் ஒரு எட்டு வைக்கும், நிற்கும், குத்து வாங்கும், மறுபடி ஓர் எட்டு. முதலில் விழும் சிறு துளைகளில் ஊசி இறங்கி நாடாவை இம்மி பிசகாமல் பிடித்துக்கொள்ள, அடுத்தடுத்த அச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களைச் செதுக்கும்.

சில்லை ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, பிளாஸ்டிக்கால் மூடிய பிறகு இன்னொரு பிரஸ் காத்திருக்கும். பிளாஸ்டிக் வழியாமல் தடுத்த குறுக்குப் பட்டைகளை அது நறுக்கும். பிறகு கால்களைக் கீழ்நோக்கி மடக்கும். பழைய சில்லுகளில் காலுக்கும் காலுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். குத்தும் ஊசிக்கும் அச்சுக்கும் நடுவே விடும் சந்து, உலோகக் கனத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஊசி முனை மழுங்கினால் பிசிறு நிற்கும்; பிசிறு நின்றால் சில்லு பழுது.

மழுங்கிய ஊசிக்கு ஒவ்வொரு முறையும் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க முடியுமா? பினாங்குப் பட்டறைகளுக்கு வாசல் திறந்தது இங்கேதான். 1974-இல் ஒரு குடும்பம் தொடங்கிய 'எங் ஹார்ட்வேர்' இன்டெலுக்குப் பிடிகருவிகள் செய்து கொடுத்து, பின்னாளில் 'எங் டெக்னோலஜி' என வளர்ந்து கணினி வட்டுக்கான பாகங்கள் வரை போனது. எட்டு நிறுவனங்களில் சில பெயர் மாறின, சில கை மாறின. அச்சு செய்யும் கை மட்டும் இங்கேயே தங்கியது. பினாங்கின் உண்மையான சொத்து அதுதான். ஆனால் அந்தக் கை குடும்பத்துக்குள், உறவுக்குள், சீனப் பட்டறைகளுக்குள் பழகிய கை. தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறி வந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்தது பிரஸ்ஸின் முன்பக்கம். அச்சு செய்யும் பின்பக்கம் அல்ல. 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் வந்த பிறகே அந்தப் பின்பக்கக் கதவு வெளியாருக்கும் ஓரளவு திறந்தது.

முன்பக்கத்தில் நின்றவர்களுக்கு இருந்த பயம் விரலைப் பற்றியது. பழைய பல்சக்கர பிரஸ்ஸில் மிதியை அழுத்திவிட்டால் சக்கரம் ஒரு சுற்று முடித்துத்தான் நிற்கும். நடுவில் கை போனாலும் அதற்குத் தெரியாது. ஹைட்ராலிக் பிரஸ் வேகம் குறைந்ததுதான். ஆனால் வால்வை மூடினால் பாதி வழியிலும் நின்றுவிடும். இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால் மட்டுமே இறங்கும் ஏற்பாடு, கை குறுக்கிட்டால் தடுத்துவிடும் ஒளித்திரை எல்லாம் வந்தது, ஒரு விரல் நின்றால் ஒரு குடும்பமே நிற்கும் என்பதால்தான். சில இடங்களில் உற்பத்திக் கணக்குக்காக ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டும் பழக்கமும் உலகெங்கும் உண்டு.

மலாயவாத்தாவை 2007-இல் ஆன் ஜூ குழுமம் வாங்கியது. பிரஸ்களுக்கெல்லாம் பரிசோதனையும் அனுமதியும் விதித்த 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூனில் நீக்கப்பட்டது. இப்போது அந்தப் பொறுப்பைச் சுமப்பது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்.