பின்னால் நிற்கும் பெண்

மாலை நான்கு மணிக்கு மேல் அமெரிக்காவின் எந்த முகாம் மைதானத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றைவழிப் பாதையில் பேருந்து அளவுள்ள ஒரு மோட்டார் ஹோம் வந்து நிற்கும். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. நீளம் 40 அடியைத் தொடும். அதைப் பாதையிலிருந்து பிரியும் ஒரு குறுகிய சந்துக்குள் ரிவர்ஸில் நுழைக்க வேண்டும், ஏனென்றால் மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் அந்தச் சந்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன. கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். மனைவி இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவார். கணவருக்கு அந்தக் கை தெரியாது. மனைவிக்கு அவர் கத்துவது கேட்காது. பக்கத்து வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கையில் பீருடன் வேடிக்கை பார்ப்பார்கள். 'வண்டியை நிறுத்தும்போது நான் சொன்னதற்கெல்லாம் மன்னித்துவிடு' என்ற பொருளில் வாசகம் அச்சடித்த டி-சர்ட்டுகள் அங்கே கடைகளில் விற்கின்றன.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நம் ஊர் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒன்று உறுத்தும். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பலகையைத் தட்டி "வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்" என்று குரல் கொடுப்பவர் கிளீனர். அவர் நாளைய டிரைவர். வண்டியின் நீள அகலம் அவர் உடம்பில் ஏறுவது அங்கே நிற்கும்போதுதான். மோட்டார் ஹோமுக்குப் பின்னால் முப்பது வருடம் நிற்கும் மனைவியை யாரும் நாளைய டிரைவராக நினைப்பதில்லை. அவரே நினைப்பதில்லை. அதே இடம், அதே வேலை. ஒருவருக்கு அது தொழில் பழகுவது. இன்னொருவருக்கு 'கூடமாட ஒத்தாசை'. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் மோட்டார் வண்டியின் பிறப்பு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்துபோன மரப் பிரேக்குக்கு வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். கார்லின் தொழிலில் ஆரம்பத்தில் போட்ட பணமே பெர்தாவின் சீதனப் பணம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வண்டியில் ரிவர்ஸ் கியர் கிடையாது. தவறாகத் திரும்பிவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ரிவர்ஸ் கியர் வந்த பிறகும் பின்னால் பார்க்க வழியில்லை. 1909இல் இங்கிலாந்தின் டோரதி லெவிட் பெண்களுக்காக ஒரு கார் ஓட்டும் கையேடு எழுதினார். நேப்பியர் கார் நிறுவனத்தில் தட்டச்சராக வேலை பார்த்து, பந்தயக் கார் ஓட்டுநராகி, 1906இல் மணிக்கு 91 மைல் வேகத்தில் ஓட்டிப் பெண்களுக்கான சாதனை படைத்தவர் அவர். கைப்பையில் வைக்கும் சிறிய கண்ணாடி ஒன்றைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள் என்று அந்தக் கையேட்டில் சொன்னார். கார்களில் பின்பக்கக் கண்ணாடி பொருத்தப்படுவது பரவலானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். மேக்கப் பார்க்கும் கண்ணாடி என்று இன்றும் கேலி செய்யப்படும் அதே பொருள்தான். ஊமைப்பட நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் 1910களில், பிரேக் போட்டால் வண்டியின் பின்புறம் 'நில்' என்ற பலகை எழும்படி ஒரு பொறியை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பெயரும் பணமும் அவருக்கு வரவில்லை.

அதே 1909இல், 22 வயது ஆலிஸ் ராம்ஸே நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 59 நாளில் காரோட்டிப் போனார். அமெரிக்காவைக் குறுக்காக ஓட்டிக் கடந்த முதல் பெண். கூட வந்த மூன்று பெண்களில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. டயர் மாற்றியது, சேற்றில் சிக்கிய வண்டியை மீட்டது எல்லாம் ஆலிஸ்தான்.

ஆகவே தொடக்கத்திலேயே பெண்கள் வண்டிக்கு வெளியே நிற்கவில்லை. வெளியே அனுப்பப்பட்டார்கள். மின்சாரக் கார் பெண்களுக்கு, பெட்ரோல் கார் ஆண்களுக்கு என்று விளம்பரங்கள் பிரித்தன. மின்சாரக் கார் சத்தமில்லாதது, சுத்தமானது, வெகுதூரம் போகாதது. ஒரு பெண் வேறெங்கே போகப்போகிறாள்?

இனி முகாமுக்கு வருவோம். 1920களில் அமெரிக்கர்கள் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காடுகளுக்குக் கிளம்பினார்கள். நினைத்த இடத்தில் ஓட்டினார்கள், நினைத்த மரத்தடியில் நிறுத்தினார்கள். சக்கரம் ஏறி ஏறி மண் இறுகி, வேர்கள் மூச்சு முட்டி, கலிஃபோர்னியாவின் செம்மரங்கள் வாடுவதை ஈ. பி. மைனெக்கே என்ற தாவரநோய் அறிஞர் கண்டார். 1932இல் அவர் எழுதிய திட்டம்தான் இன்றைய முகாம் மைதானங்களின் மூலம்: ஒற்றைவழியாகச் சுற்றி வரும் பாதை, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் ஒரு சந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும், கார் அதைத் தாண்டாதபடி பாறைகளும் மரக்கட்டைகளும். மரங்களைக் காப்பாற்றிய நல்ல யோசனை. ஆனால் அவர் மனதில் இருந்தது அந்தக் காலத்துச் சிறிய கார். அதற்கு அளந்த வடிவத்துக்குள்தான் பிறகு வந்த இழுவை வீடுகளும் மோட்டார் ஹோம்களும் பின்பக்கமாக நுழையப் பழகின. பாறைகள் அங்கேயேதான் இருக்கின்றன, பம்பரை உடைக்க.

பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 1933இலிருந்து 1942 வரை, இந்த மைதானங்களைக் கட்டியது அரசின் காட்டுப்பணிப் படை. சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை பார்த்தார்கள், பெண்களுக்கு இடமில்லை. எலினோர் ரூஸ்வெல்ட் போராடியதால் பெண்களுக்கென்று தனியாகச் சில முகாம்கள் திறக்கப்பட்டன. மொத்தம் 8,500 பேர் போலப் பயனடைந்தார்கள். அதற்கே பத்திரிகைகள் 'ஷி-ஷி-ஷி' என்று கேலிப்பெயர் வைத்தன. சாலை போடும் வேலையும் மரம் வெட்டும் வேலையும் அதற்கான கூலியும் ஆண்களோடு நின்றுவிட்டன. இந்த மைதானங்கள் எல்லாருக்கும் திறந்தும் இருக்கவில்லை. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட லூயிஸ் மவுன்டன் முகாம் 1939இல் தனியாகத் திறக்கப்பட்டது. வண்டியை எங்கே நிறுத்தலாம் என்ற கேள்வி ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கண்ணாடியைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை.

போருக்குப் பிறகு இந்தக் காட்சி திரைக்கே வந்துவிட்டது. 1954இல் வெளியான 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தில் லூசில் பாலும் அவருடைய நிஜக் கணவர் டெஸி ஆர்னாஸும் புதுமணத் தம்பதி. மனைவியின் உறவினர் வீட்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கப் போய் ரோஜாச்செடியும் வீட்டு முகப்பும் நாசமாகும். தியேட்டரே சிரிக்கும். ஓட்டுவது கணவர்தான், ஆனால் வண்டி வாங்கலாம் என்று ஆசைப்பட்டது மனைவி என்பதால், கதையில் பழி போய்ச் சேருவது அந்த ஆசையின் மேல்.

பலம் வேண்டும், அதனால்தான் ஆண்கள் ஓட்டுகிறார்கள் என்ற வாதம் ஒருகாலத்தில் அரைகுறை உண்மையாக இருந்திருக்கலாம். 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் அதுவும் போனது. 1966இல் அயோவா மாநிலத்தின் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அவை நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தன. இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 26,000 பவுண்டுக்குக் குறைந்த மோட்டார் ஹோமை, அதாவது கிட்டத்தட்ட 12 டன் வரை எடையுள்ளதை, சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம். தனிப் பயிற்சியோ தேர்வோ தேவையில்லை. ஆக, நாற்பது வருடம் அலுவலகத்துக்குக் கார் ஓட்டிப் போய் ஓய்வுபெற்ற மனிதருக்கும் அவர் மனைவிக்கும், கடையிலிருந்து வண்டியை எடுக்கும் அந்தக் காலை வேளையில், அதை ஓட்டத் தெரிந்த அளவு ஒன்றேதான். அவர் ஏறி உட்காருகிறார், அவ்வளவே.

இப்போது பின்னால் நிற்பவரின் வேலையைப் பார்க்கலாம். வண்டியின் கண்ணாடியில் ஓட்டுபவரின் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால் நாம் அவருக்குத் தெரிவதில்லை. நேர் பின்னால் நிற்பது தவறு. தரையை மட்டுமல்ல, மேலேயும் பார்க்க வேண்டும், கூரையில் ஏ.சி. இருக்கும், கிளை இருக்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் துருத்தி நிற்கும் உடல், வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது மறுபக்கம் வீசும். பத்து அடி துருத்தினால் மூன்று அடி வரை வீசும் என்பது ஓட்டுநர்களின் மனக்கணக்கு. பக்கத்து மின்கம்பத்தைச் சாய்ப்பது அந்த வீச்சுதான். அமெரிக்க வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் சந்து இடப்பக்கம் அமைந்தால் ஓட்டுபவருக்குக் கண் தெரியும்; வலப்பக்கம் அமைந்தால் பாதிக் குருடு. இதையெல்லாம் ஒரு நொடியில் கணித்து, கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். சக்கரத்துக்கும் மரத்துக்கும் நடுவே தன் உடம்பு சிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுவதில் பாதி இது. மரத்தில் இடித்தால் மட்டும் இது முழுசாக அவர் பொறுப்பாகிவிடுகிறது.

நகைச்சுவை சட்டென்று நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. ஓய்வுக்காலத் தம்பதிகள் பலர் வீட்டை விற்றுவிட்டு மோட்டார் ஹோமிலேயே வாழ்கிறார்கள். கணவருக்குச் சொந்த ஊரிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி ஒரு மாரடைப்பு வந்தால், அல்லது கண்பார்வை மங்கினால், மனைவியின் கையில் இருப்பது தன்னால் நகர்த்த முடியாத வீடு. பெண்கள் விதவையானதும் முதலில் விற்கும் பொருளாக அது இருந்ததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. சாவி இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, பழக்கம் இல்லை. கணவரின் துக்கத்தோடு வீட்டையும் ஊர் ஊராகப் போகும் வாழ்க்கையையும் சேர்த்து இழக்கிறார்கள்.

1991இல் 'ஆர்.வி.யிங் விமன்' என்ற பெண்கள் அமைப்பு தொடங்கியது. தனியாகவோ தோழியோடோ தாங்களே ஓட்டி வரும் பெண்கள் அதில் கூடினார்கள். 1999இல் 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை' வந்தது. பழைய இழுவை வண்டிகளைச் சீர்செய்து எடுத்து வருவார்கள், கணவருக்கும் குழந்தைகளுக்கும் அனுமதியில்லை. கூடும் இடங்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதில் ரிவர்ஸும் ஒன்று. இழுவை வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்தால், கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம்.

இந்த மாற்றம் எல்லார் காதுக்கும் எட்டிவிடவில்லை. 2012இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள ட்ரிபெர்க் நகரில், புதிய வாகன நிறுத்துமிடத்தில் சுவருக்கும் தூண்களுக்கும் நடுவே சாய்வாக ரிவர்ஸ் எடுத்தே நுழைய வேண்டிய இரண்டு இடங்களுக்கு நகர மேயர் 'ஆண்கள்' என்று குறியிட்டார். சுலபமான இடங்கள் பெண்களுக்கு. பெர்தா பென்ஸ் வண்டி ஓட்டிச் சேர்ந்த ஃபோர்ட்ஸ்ஹைமைக் கருங்காட்டின் வாசல் என்பார்கள்.

ரிவர்ஸ் வண்டிகளில் குழந்தைகள் சிக்கி இறந்ததையடுத்து எழுந்த போராட்டத்தின் பலனாக, 2018 மே முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம். அந்த விதி 10,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளுக்கு மட்டும். பெரிய மோட்டார் ஹோம்கள் அதற்குள் வராது. பலவற்றில் நிறுவனங்களே கேமரா வைத்து விற்கின்றன, ஆனால் கேமராவுக்கு மேலே தொங்கும் கிளை தெரிவதில்லை. அதனால் சந்து வந்ததும் ஒருவர் எழுந்து கதவைத் திறந்து இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இன்றும் எழுவது வலப்பக்க இருக்கையில் இருப்பவர்தான்.