பந்தல்குடிக் கல்லும் இத்தாலியச் சுவரும்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில் பந்தல்குடி என்றதும் நமக்கு நினைவு வருவது கரிசல் காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான். கல்லூரி நாட்களில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, சிமெண்ட் ஆலைக்குப் போகிற கல் என்பதற்கு மேல் அதைப் பற்றி நாம் யோசித்ததில்லை. சிவில் படித்து, கட்டட வேலையிலேயே காலம் தள்ளுகிற எனக்கு, இப்போது அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. காரணம், "இத்தாலியன் ஃபினிஷ்".

புது வீடு கட்டுகிறவர்கள் பலரும் இன்று இதைக் கேட்கிறார்கள். ஹாலில் ஒரு சுவராவது பளிங்கு போல மின்ன வேண்டும். தடவிப் பார்த்தால் கை வழுக்க வேண்டும். வாளியில் அடைத்து வருகிற அந்தச் சாந்தைப் பூசச் சதுர அடிக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். வாளிக்குள் என்னதான் இருக்கிறது? அசல் சரக்காக இருந்தால், நீர்த்த சுண்ணாம்பும் பளிங்குத் தூளும். பந்தல்குடியில் கிடைப்பது படிக வகைச் சுண்ணாம்புக்கல். பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய இந்த வகைக் கல்லைத்தான் நிலவியலில் பளிங்கு என்கிறோம். ஆக, அந்தச் சாந்துக்கு வேண்டிய கல் நம் வாசலிலேயே கிடக்கிறது. அப்படியிருக்க, அதன் பெயர் மட்டும் எப்படி இத்தாலியன் ஆனது?

ரோமும் வெனிசும்

இத்தாலிக்காரர்களின் பெருமையைக் குறைப்பது என் எண்ணம் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற ரோமானியப் பொறியாளர் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பாகங்களாக எழுதினார். அதில் ஏழாவது பாகத்தில் சுவர்ப் பூச்சுக்கு முறை சொல்கிறார். முதலில் மணல் சாந்து மூன்று அடுக்கு. அதன் மேல் பளிங்குத் தூள் சாந்து மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட நைசாக. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய நூலில் இன்னொரு செய்தி உண்டு. நீர்த்து மூன்று வருடம் ஆகாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று பழைய கட்டட விதி இருந்ததாம். இன்றைய காண்ட்ராக்டரிடம் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும்!

வெனிஸ் நகரம் சேற்றில் அடித்த மரக்கம்புகளின் மேல் நிற்கிறது. கற்பலகைகளை அடுக்கினால் பாரம் தாங்காது. உப்புக் காற்றும் ஈரமும் வேறு. எனவே செங்கல் சுவரின் மேல் சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்த 'மார்மொரினோ' பூச்சைப் பூசினார்கள். எடையும் குறைவு, சுவரின் ஈரமும் வெளியேறும். 1508 முதல் 1580 வரை வாழ்ந்த பல்லாடியோ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், செங்கல்லால் தூண் எழுப்பி, சாந்து பூசிக் கல்தூண் போலவே காட்டினார். ஆடம்பரம் என்று இன்று விற்கப்படுவது, அன்று பாரத்துக்கும் ஈரத்துக்கும் கண்டுபிடித்த மருந்து.

நம் பக்கத்துக் கதை

நம் ஊர்ப் பக்கம் வருவோம். மதுரை திருமலை நாயக்கர் மகால் 1636-ல் எழுந்தது. ஸ்கூல் டூரில் போய் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்க்காதவர் நம்மில் யார்? அதை வடிவமைத்தவர் ஓர் இத்தாலியர் என்று சொல்வதுண்டு. அது எப்படியோ போகட்டும். தூணிலும் வளைவுகளிலும் உள்ள சுதை வேலை இந்த மண்ணின் வேலை. 'சுதை' என்ற சொல்லே நம்மிடம் எவ்வளவு பழையது!

அடுத்தது மெட்ராஸ் சுண்ணாம்பு. 'மெட்ராஸ் சுன்னம்' என்று ஆங்கிலேயர் வாயில் அது பிரபலம். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த வெள்ளைச் சுண்ணாம்பால் பூசிய சென்னைக் கட்டடங்களை வெள்ளைப் பளிங்கு என்றே மயங்கிய பயணிகள் உண்டு. ஐசக் பைக் என்ற ஆங்கில அதிகாரி, சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை எழுதியனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் அதை 1732-ல் வெளியிட்டது. வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளை, தயிர் எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கின்றன. நம் கொத்தனாரின் கைப்பக்குவத்தை அன்று லண்டன் படித்துத் தெரிந்துகொண்டது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, செட்டிநாடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் நகரத்தார் பெருமாளிகைகளைக் கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது; இத்தாலியிலிருந்து தரைக்குப் பளிங்கு வந்தது. உலகத்தில் எதையும் வாங்கிவரக் கூடியவர்கள் அவர்கள். ஆனாலும் சுவருக்கு மட்டும் உள்ளூர்க் கொத்தனாரைத்தான் கூப்பிட்டார்கள். பல அடுக்காகப் பூசித் தேய்த்த அந்த வெள்ளைச் சுவர்கள் இன்றும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கின்றன.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பொறியாளர் எழுதும் கட்டுரையில் கொஞ்சம் வேதியியல் இல்லாவிட்டால் நம் பேராசிரியர்கள் மன்னிக்க மாட்டார்கள்! சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறும். 100 கிலோ சுத்தமான கல்லிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டால் அது கொதித்துப் பூத்து நீர்த்த சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகவே மாறும். அதாவது, சுவரில் நாம் பூசுவது கல்லாகப் போகிற ஒரு மாவு.

சேர்மானங்கள் மூடநம்பிக்கை இல்லை. வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும், சாந்து இழைந்து வரும், சீக்கிரம் இறுகாது. முட்டை வெள்ளையின் புரதம் பிடிமானம் தரும். எண்ணெய், நெய் போன்ற கொழுப்புகள் சுண்ணாம்போடு சேர்ந்து ஒரு வகைச் சோப்பாகி, தண்ணீரை ஒட்டவிடாது. கடைசி அடுக்கு அரை ஈரமாக இருக்கும்போது கூழாங்கல்லாலோ கரணையாலோ அழுத்தித் தேய்க்கும்போது நுண்ணிய துகள்கள் நெருங்கிப் படிந்து ஒளியைத் திருப்பும். பளபளப்பின் ரகசியம் அவ்வளவுதான். மாக்கல் தூளைத் தூவித் தேய்ப்பதும், சுவரில் வேர்க்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்ப்பதும் நம் முறை. ஜெய்ப்பூரில் 'ஆராயிஷ்', மொராக்கோவில் 'ததெலாக்த்' என்று பெயர் மாறுகிறதே தவிர, தேய்க்கிற கை ஒன்றேதான்.

கை எப்படி விட்டுப்போனது?

1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-ல் நம் சென்னையில்தான் நடந்தது; அதற்கும் மூலப்பொருள் கிளிஞ்சல்தான். 1949-ல் திருநெல்வேலி அருகே தாழையூத்தில் ஆலை வந்தது. 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் ராமசாமி ராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. பந்தல்குடிக் கல் அந்தப் பக்கம் பயணப்பட்டது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய பெரிய பாலம், அணைக்கட்டு, அடுக்குமாடிக் கட்டடம் எல்லாம் சுண்ணாம்பை மட்டும் நம்பி ஆகிற காரியமில்லை. நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த ஆலைகளால்தான். ஆனால் சிமெண்ட் வந்த வேகத்தில், மாடு சுற்றி ஆட்டிய சாந்துச் செக்கு நின்றது. காளவாசல் அணைந்தது, மதுரையில் அது இன்று ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரின் மகன் சிமெண்ட் பூச்சுக்குப் போனான். கல் நம்மிடமே இருந்தது, கைதான் போய்விட்டது.

ஒரு சுவர்

சென்ற வருடம் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முன்கட்டுச் சுவர் மஞ்சளடித்து, கீழே இரண்டடி உயரத்துக்குப் பொரிந்திருந்தது. முழுவதையும் கொத்திவிட்டு இத்தாலியன் ஃபினிஷ் செய்ய எஸ்டிமேட் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பல வருடப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய வெள்ளைப் பூச்சு, ஈரத் துணியால் துடைத்ததும் மின்னுகிறது. பொரிந்த இடம் எது தெரியுமா? பிற்பாடு யாரோ சிமெண்டால் ஒட்டுப் போட்ட இடம். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்போடு சேர்ந்து சுவரைத் தின்றிருக்கிறது.

எழுபதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதையா கொத்தச் சொன்னாங்க?" என்று கேட்டார். பிறகு, "செய்யலாம் தம்பி. ஆனா அவசரப்படுத்தக் கூடாது. நம்ம வெயிலுக்குச் சாக்கு நனைச்சுக் கட்டணும். காஞ்சா வெடிச்சுப் போகும்" என்றார். சிமெண்ட் ஒட்டை மட்டும் எடுத்துவிட்டு, நீர்த்து ஊறிய சுண்ணாம்பால் அடுக்கடுக்காகப் பூசினார். கூலி குறைவில்லை, நாளும் கூடுதல். ஆனால் சுவர் பிழைத்தது. அவரோடு நின்று கற்றுக்கொண்ட பையன் ஒரே ஒருவன் என்பதுதான் என் கவலை.

நாம் செய்யக்கூடியது

2012-ல் தீயில் சேதமான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் காரையால்தான் மீட்டெடுத்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆக, வேலைக்குத் தேவை இருக்கிறது. அரண்மனைக்கு மட்டும் என்றில்லாமல் சாதாரண வீட்டுக்கும் அது வர வேண்டும்.

நண்பர்களே, நம்மில் கட்டுகிறவர்கள் உண்டு, கட்டச் சொல்கிறவர்களும் உண்டு. எஸ்டிமேட் போடும்போது பழைய சுவரைக் கொத்த உத்தரவு தருவதற்கு முன் ஒரு தடவை சுரண்டிப் பாருங்கள். இத்தாலியன் ஃபினிஷ் வாங்கினால் உள்ளே இருப்பது சுண்ணாம்பா, வெறும் அக்ரிலிக்கா என்று கேளுங்கள். பெயரை வைத்துக்கொண்டு பின்னதை விற்பவர்களும் இருக்கிறார்கள். புது வீட்டில் ஒரே ஒரு சுவரையாவது சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரிடம் கொடுத்து, பக்கத்தில் இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். பந்தல்குடிக் கல் எங்கும் போகாது. அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.