டோஸ்டரில் கேட்ட ரேடியோ! சாக்வில் சிற்றலை நிலையம் என்ன ஆனது?

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள சின்ன ஊர் சாக்வில். 1945 முதல் கனடாவின் குரலைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவை, இந்த ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் நின்ற சிற்றலை கோபுரங்கள்தான்.

ஏன் சதுப்பு நிலம்? உப்பும் ஈரமும் உள்ள மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் ரேடியோ அலைகள் தாழ்வான கோணத்தில் கிளம்பி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ரொம்ப தூரத்தில் போய் விழும். பனிப்போர் காலத்தில் சோவியத் நேயர்களுக்கும் இங்கிருந்தே ஒலிபரப்பு போனது. சக்தி அதிகம் என்பதால், பக்கத்து வீட்டு டோஸ்டரிலும் சமையலறைத் தொட்டியிலும்கூட பேச்சு கேட்டதாம்!

'அதான் இன்டர்நெட் இருக்கே' என்று, 2012 பட்ஜெட் வெட்டில் எல்லாம் நின்றது. பாதிப்பு யாருக்கு? வடக்கு கியூபெக்கின் இன்யூட், கிரீ மக்களுக்கு. ஊருக்குள் எஃப்.எம். கிடைக்கும்; வேட்டைக்காக வெகுதூரம் போனவர்களுக்குச் சொந்த மொழியில் செய்தி சொன்னது சிற்றலைதான்.

2014-ல் கோபுரங்களும் சாய்க்கப்பட்டன.